ராடா, டம்பெல்லா, மெஷினா? உப்புக்காற்று ஊரில் செஸ்ட் பிரஸ்

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கடலை ஒட்டிய ஊரில், வீட்டுக்கோ சின்ன ஜிம்முக்கோ நெஞ்சுக்கு எடை தள்ளும் பயிற்சிக்கு, அதாவது செஸ்ட் பிரஸ்ஸுக்கு, சாமான் வாங்குகிறவர் முதல் காசை டம்பெல்லுக்கும் ஒரு நல்ல பெஞ்சுக்கும் போடலாம். அடுத்தது இரண்டு முனையிலும் பிளேட் மாட்டும் நீள ராடும், குறுக்கே சேஃப்டி கம்பி உள்ள ரேக்கும். மெஷின் கட்டாயம் வேண்டும் என்றால் பிளேட் மாட்டித் தள்ளும் லீவர் வகை. பின் குத்தி எடை மாற்றும் கேபிள் மெஷினுக்குக் கடைசி இடம். அதுவும் தினமும் துணியோடு நிற்க ஆள் இருந்தால் மட்டும். சேரப்போகிற ஜிம்மில் இவை எல்லாமே நல்ல நிலையில் இருக்கின்றன என்றால் கணக்கு வேறு. அங்கே புதிதாக வருகிறவர் மெஷினில் தொடங்குவதில் ஒரு குறையும் இல்லை.

இந்த வரிசை தசையைப் பார்த்துப் போட்டதில்லை. தசைக் கணக்கில் பெரிய வித்தியாசம் கிடையாது. ராடு, ஸ்மித் மெஷின் (கம்பியில் கோத்த ராடு மேலும் கீழும் மட்டும் ஓடுவது), டம்பெல் மூன்றையும் ஒப்பிட்டு 2011-ல் நார்வே ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவீட்டில், ஒரே ஒரு தடவை தள்ளக்கூடிய அதிகபட்ச எடை ராடில்தான் அதிகம். ஸ்மித்தில் ஏறக்குறைய 3 சதவீதம் குறைவு, டம்பெல்லில் 17 சதவீதம் குறைவு. ஆனால் நெஞ்சுத் தசை வேலை செய்த அளவு மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டம்பெல்லில் மேல்கையின் பின்பக்கத் தசையான டிரைசெப்ஸுக்கு வேலை கொஞ்சம் குறைகிறது, கையை நிலைப்படுத்த முன்பக்கத்து பைசெப்ஸ் கூடுதலாக உழைக்கிறது, அவ்வளவுதான். ராடில் 60 கிலோ தள்ளுகிறவருக்கு டம்பெல் கைக்கு 25 கிலோ வந்தால் சரியான கணக்கு. 30 வரவில்லையே என்று கவலைப்பட ஒன்றுமில்லை. "மெஷினில் நெஞ்சு வராது", "ராடுதான் ஒரிஜினல்" என்கிற ஜிம் வாசல் தீர்ப்புகளை அங்கேயே விட்டுவிடலாம்.

பிறகு எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? பக்கத்தில் கை கொடுக்க ஆள் உண்டா, ஜன்னல் எந்தக் கடலைப் பார்க்கிறது என்ற இரண்டையும் வைத்துத்தான்.

துருப்பிடித்த மெஷின் பொய் சொல்லும்

வாடை அடிக்கும்போது வடகடலிலிருந்தும், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்கடலிலிருந்தும் உப்புச் சாரல் வந்துகொண்டே இருக்கும். பாம்பன், தங்கச்சிமடம் மாதிரி இரண்டு பக்கமும் கடல் உள்ள ஊரில் எந்த ஜன்னலைச் சாத்துவது என்பதே பருவத்துக்குப் பருவம் மாறும். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் துருவை ஆராய மண்டபத்தில் நிலையம் வைத்திருப்பது சும்மா இல்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டதும் இந்தக் காற்றுக்குப் பயந்துதான். ஜிம் சாமான் செய்கிறவர்கள் அந்த அளவுக்கு மெனக்கெடுவதில்லை. கடையில் பளபளக்கும் ராடிலும் மெஷின் கம்பியிலும் இருப்பது பெரும்பாலும் மெல்லிய குரோம் பூச்சு. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. உப்பு ஈரம் அதன் வழியே இறங்கி அடியிலுள்ள இரும்பைத் தின்னும். பிறகு பூச்சு கொப்புளித்து, செதில் செதிலாக உரியும்.

ராடில் இது நடந்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும், உள்ளங்கையில் செந்தூள் ஒட்டும். எடை மாறாது, தள்ளுகிற பாதை மாறாது. மெஷினில் கதை வேறு. எடைக் கட்டைகள் ஏறி இறங்கும் இரண்டு கைடு கம்பிகளிலும் துரு வந்தால் உராய்வு கூடும். உராய்வு எப்போதும் அசைவுக்கு எதிராகவே நிற்கும். 40 கிலோவில் பின் குத்தியிருக்கிறது, உராய்வு 5 கிலோ அளவுக்கு இருக்கிறது என்று வையுங்கள். தள்ளும்போது 45 கிலோ, திரும்ப விடும்போது 35 கிலோ. நெஞ்சு வளர நிதானமாக இறக்குவது பாதி வேலை. அந்தப் பாதியைத் துரு திருடிக்கொள்கிறது. நோட்டில் 40 என்று எழுதிக்கொள்வதில் அர்த்தமே இல்லை, அடுத்த மாதம் எண்ணெய் விட்டதும் அதே 40 வேறு எடையாகிவிடும்.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். மிகக் குறைந்த எடையில் பின் குத்தி, கைப்பிடியைப் பாதி தூரம் தள்ளி, மெதுவாகக் கையைத் தளர்த்துங்கள். கட்டை வழுக்கிக்கொண்டு கீழே வந்தால் நல்ல மெஷின். நடுவில் நின்று யோசித்தால் கைடு கம்பியோ புல்லியோ பிடிக்கிறது என்று அர்த்தம். அப்படியே கேபிளையும் பாருங்கள். மேலே பிளாஸ்டிக் உறை நன்றாகத்தான் இருக்கும். முனையில் உலோக மூடி போட்டு நசுக்கியிருக்கும் இடத்தில்தான் ஈரம் உள்ளே போகும். அங்கே உறை உப்பியிருந்தாலோ, வெடித்து உள்ளே பழுப்பு தெரிந்தாலோ, விரலால் வளைக்கும்போது நறநறத்தாலோ உட்காராதீர்கள். உள்ளே இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கும், ஒருநாள் பாரத்தோடு மொத்தமாகப் போகும். இன்சுலேஷன் டேப் சுற்றிய கேபிள் சரிசெய்த கேபிள் இல்லை.

கம்பிக்கு கிரீஸ் தடவுகிறவர்கள் உண்டு. வேண்டாம். காற்றோடு வரும் மணல் தூசு அதில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, சிலிக்கான் ஸ்பிரேயை இன்னொரு துணியில் அடித்து அந்தத் துணியால் தடவினால் போதும். ராடுக்கு நைலான் பிரஷ் போட்டு சொரசொரப்பான இடத்தில் படிந்த வியர்வை அழுக்கை எடுத்து, தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டுத் தேய்த்து, மீதியைத் துடைத்துவிட வேண்டும். வாரம் ஒரு தடவை, காற்று அதிகமுள்ள மாதங்களில் இரண்டு தடவை. தேங்காய் எண்ணெய் வீட்டில் இருக்கிறதே என்று அதைத் தடவினால் நாளடைவில் பிசினாகி நாறும்.

யாரும் கவனிக்காத ஒன்று தரை துடைக்கிற தண்ணீர். உவர்த் தண்ணீரில் மாப் போட்டால், மெஷினும் ரேக்கும் நிற்கும் சதுரக் குழாயின் பாதம் உள்ளேயிருந்து அரிக்கும். மேலே பெயின்ட் புத்தம் புதிதாக இருக்க, காலைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்கும். பழைய சாமான் வாங்குகிறவர்கள் சீட்டைப் பார்ப்பதற்கு முன் குனிந்து பாதத்தைப் பாருங்கள். குழாய் முனையில் பிளாஸ்டிக் மூடி இருக்கிறதா, அடியில் ரப்பர் இருக்கிறதா, வெல்டிங் ஓரம் கொப்புளித்திருக்கிறதா? பாதம் போன மெஷினுக்குக் காயலான் கடை விலைதான் சரியான விலை.

ராடும் பெஞ்சும்

நல்ல நிலையில் இருந்தால் இதற்கு ஈடு கிடையாது. 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி இருந்தால் 2.5 கிலோவாக ஏற்றிக்கொண்டே போகலாம். பின் குத்தும் மெஷினில் பெரும்பாலும் 5 கிலோ தாவல். 30-லிருந்து 35-க்குப் போவது ஒரே அடியில் ஆறில் ஒரு பங்கு கூட்டுவது. அதனால்தான் மெஷின்காரர்கள் ஒரே எடையில் மாதக்கணக்காக நிற்கிறார்கள். அவர்களுக்கு வழி, அதே எடையில் 8 ரெப்பிலிருந்து (ஒரு தடவை தள்ளி இறக்குவது ஒரு ரெப்) 12 வரை ஏற்றிவிட்டுப் பிறகு தாவுவது.

போட்டிக்கான ராடு 20 கிலோ, நீளம் 2.2 மீட்டர், பிடிக்கிற இடத்தில் தடிமன் 28, 29 மில்லிமீட்டர், பிளேட் மாட்டும் முனை 50 மில்லிமீட்டர். நம் ஊர் ஜிம்களில் நிறைய இருப்பது 5 அடி, 6 அடி சாதா ராடு. அதன் எடை இதில் பாதிகூட இருக்காது. "மொத்தம் 60 போட்டேன்" என்று சொல்வதற்கு முன் ராடை எடை போடுங்கள். மீன் நிறுக்கிற தொங்கு தராசு இந்தக் கரையில் கிடைக்காத தெருவா? அதே தராசில் பிளேட்டையும் மாட்டிப் பார்த்துவிடலாம். மலிவான வார்ப்பில் 20 என்று பொறித்திருந்தாலும் எடை கூடக் குறைய இருக்கும், இரண்டு பக்கமும் ஒரே எடையுள்ள ஜோடியாகப் பார்த்துப் பெயின்ட்டால் குறி போடுவது நல்லது.

பெஞ்சைத்தான் பலரும் தப்பாக வாங்குகிறார்கள். போட்டி விதியில் உயரம் 42 முதல் 45 சென்டிமீட்டர், அகலம் 29 முதல் 32. அகலம் அதற்கும் குறைந்தால் தோள்பட்டை எலும்பு வெளியே தொங்கும், பாரத்தோடு தோள் ஆடும். உயரம் கூடினால் குட்டையானவருக்குக் கால் தரையில் பதியாது. அப்போது பாதத்துக்குக் கீழே 20 கிலோ பிளேட் போட்டுக்கொள்ளலாம். பெஞ்சோடு சேர்ந்த தாங்கு கம்பிகள் மிக நெருக்கமாக இருந்தால் ராடைத் திரும்ப வைக்கும்போது விரல் நசுங்கும். வாங்குமுன் படுத்து, உங்கள் பிடியில் ராடை எடுத்து வைத்துப் பாருங்கள்.

படுக்கும்போது கண் ராடுக்கு நேர் கீழே. தோள்பட்டை இரண்டையும் பின்னுக்கும் கீழுக்கும் இழுத்துப் பெஞ்சில் அழுத்தி வையுங்கள். தலை, மேல்முதுகு, புட்டம், இரண்டு பாதம் என்ற ஐந்தும் கடைசி ரெப் வரை நகரக்கூடாது. ராடு உள்ளங்கையின் அடிமேட்டில் உட்கார வேண்டும், விரல் பக்கம் போனால் மணிக்கட்டு பின்னால் மடங்கி வலிக்கும். கட்டைவிரல் சுற்றிப் பிடித்தே ஆக வேண்டும். வியர்வையும் உப்பும் சேர்ந்த கையில் கட்டைவிரல் விட்டுப் பிடிப்பது நேராகக் கழுத்தில் விழ வழி. பிடி அகலத்துக்கு அளவு, ராடு நெஞ்சைத் தொடும்போது முன்கை செங்குத்தாக நிற்க வேண்டும். மார்புக் காம்பு வரிசைக்குச் சற்றுக் கீழே இறக்கி, முழங்கையை உடம்பிலிருந்து 45 முதல் 70 டிகிரிக்குள் வைத்து, மேலே தள்ளும்போது கொஞ்சம் முகம் பக்கமாகச் சாய்த்துத் தோளுக்கு நேராகக் கொண்டு போங்கள். முழங்கையை 90 டிகிரிக்கு விரித்துக் கழுத்துப் பக்கம் இறக்குகிறவர்தான் தோளின் முன்புறம் குத்துகிறது என்று வருவார். ராடு மேல் பழி போடுவதில் பாதி இந்தக் கோணத்தால் வருவது.

60 கிலோதான் அன்றைய வேலை எடை என்றால், உடம்பைச் சூடாக்க வெறும் 20 கிலோ ராடில் 10 ரெப், 40-ல் 5, 50-ல் 3, அதன் பிறகு 60. நேராக 60-க்குப் போய் முதல் செட்டிலேயே நடுங்குகிறவர்களைத் தினமும் பார்க்கலாம்.

தனியாகச் செய்கிறவருக்கு: சேஃப்டி கம்பியை, நீங்கள் நெஞ்சை நிமிர்த்திப் படுத்திருக்கும்போது ராடு தொடும் மட்டத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே வையுங்கள். தள்ள முடியாமல் போனால் நெஞ்சைத் தளர்த்தினாலே ராடு கம்பியில் உட்காரும், கழுத்து தப்பிக்கும். வெறும் ராடில் ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் பாரம் ஏற்ற வேண்டும். சேஃப்டி கம்பி இல்லாத பெஞ்சில் தனியாக என்றால் பிளேட் நழுவாமல் பிடிக்கும் லாக்கை ராடு முனையில் போடாதீர்கள். மாட்டிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டை நழுவவிடலாம். அந்தப் பக்கம் காலியானதும் மறுபக்கம் சட்டென்று இறங்கி ராடு புரளும், பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது.

ஆள் இருந்தால் கூச்சப்படாமல் கூப்பிடுங்கள். அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் கீழக்கரை ஜிம்மில் "காக்கா, ஒரு கை குடுங்க", ராமேஸ்வரத்தில் "அண்ணே, சப்போர்ட் வாங்க". ஆனால் எத்தனை ரெப் போடப்போகிறீர்கள், எப்போது தொட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் முதல் ரெப்பிலிருந்தே அவர் தூக்குவார், பாதி எடை அவருடைய முதுகில் போகும்.

டம்பெல்

உப்புக்காற்றை இதுதான் நன்றாகத் தாங்கும். அசையும் பாகமே கிடையாது, ரப்பர் பூசிய அறுகோண வகையில் வெளியே தெரியும் இரும்பு கைப்பிடி மட்டும். பலவீனமான இடம் கைப்பிடி தலைக்குள் போகும் பொருத்து. ஈரம் அங்கே இறங்கும். காதருகே வைத்துக் குலுக்கினால் கடகடவென்று கேட்கிறதா, தலையைத் திருகினால் அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் ஒதுக்கிவிடுங்கள், அது முகத்துக்கு மேலே போகிற சாமான். மரை வெட்டி நட் போட்டு இறுக்கும் வகை விலை குறைவு, இடமும் மிச்சம். ஆனால் இந்த ஊரில் முதலில் துருப்பிடிப்பது அந்த மரைதான். ஒவ்வொரு செட்டுக்கும் முன் நட்டை இறுக்கிப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர் வாங்க வேண்டாம்.

தூக்குவதைவிட எடுப்பதும் வைப்பதும்தான் இதில் சிக்கல். உட்கார்ந்து இரண்டையும் தொடையில், முட்டிக்கு அருகே நிறுத்தி, பின்னால் சாயும்போது முட்டியால் ஒவ்வொன்றாக உதைத்து மேலே ஏற்ற வேண்டும். முடித்ததும் முட்டியை மடக்கி மேலே கொண்டுவந்து, டம்பெல்லைத் தொடையில் வைத்து அப்படியே எழுந்திருங்கள். படுத்தபடி கையைப் பக்கவாட்டில் விரித்துக் கீழே போட்டால் டைல்ஸ் உடைவதற்கு முன் தோள் இழுத்துவிடும். இறக்கும் ஆழத்துக்கு மேல்கை பெஞ்சு மட்டத்துக்குச் சற்றுக் கீழே போனால் போதும்.

குறை என்ன? சின்ன ஜிம்களில் 25, 30 கிலோவோடு வரிசை முடிந்துவிடும். வலுவானவருக்கு அதற்கு மேல் வழி இல்லை. இறக்குவதை மூன்று நொடி நீட்டியும், கீழே ஒரு நொடி நிறுத்தியும் கொஞ்ச காலம் ஓட்டலாம்.

ஸ்மித்தும் மற்ற மெஷின்களும்

ஸ்மித் மெஷினை இங்கே புதிதாக வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. ராடு ஓடுவது செங்குத்துக் கம்பியில். அதற்குள் குண்டு பேரிங் இருந்தால் உப்பு சீக்கிரம் அதைப் பிடித்துவிடும், நைலான் புஷ் இருந்தால் சத்தமில்லாமல் தேயும். ஏற்கெனவே ஜிம்மில் இருந்தால் பயன்படுத்தலாம். கம்பி சாய்வாக இருந்தால், மேலே போகப் போக உங்கள் தலைப்பக்கம் சாயும்படி படுங்கள். தலையை மாற்றி வைத்துப் படுத்தால் பாதை முழுக்கத் தலைகீழ். அடியில் உள்ள ஸ்டாப்பரை நெஞ்சு மட்டத்துக்குச் சற்றுக் கீழே பூட்டாமல் தொடங்கவே கூடாது. "மணிக்கட்டைத் திருப்பினால் கொக்கி மாட்டிக்கொள்ளும்" என்பது தெம்பு இருக்கும்வரை உண்மை. ராடின் எடை மெஷினுக்கு மெஷின் மாறும், எதிர்ப்பாரம் கட்டியதில் மிகக் குறைவாக இருக்கும். தொங்கு தராசு இங்கேயும் உதவும்.

உட்கார்ந்து தள்ளும் செஸ்ட் பிரஸ்ஸுக்கு எல்லாமே சீட் உயரத்தில் இருக்கிறது. கைப்பிடி நடு நெஞ்சுக்கு நேராக வர வேண்டும். சீட் தாழ்வாக இருந்தால் கைப்பிடி தோள் மட்டத்துக்கு ஏறி, தோள் காதை நோக்கித் தூக்கிக்கொள்ளும். மெஷினில் தோள் வலி வருகிறவர்களிடம் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். முன்னால் போனவர் விட்டுப்போன உயரத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள், சீட் பின் துருப்பிடித்து இழுக்க வராது என்பதும் ஒரு காரணம். ஆரம்ப நிலையில் முழங்கை உடம்புக்குப் பின்னால் வெகுதூரம் போகாதபடி கைப்பிடியைச் சரிசெய்யுங்கள். காலால் மிதிக்கும் பெடல் இருந்தால் அதை மிதித்துக் கைப்பிடியை முன்னே கொண்டுவந்து பிடியுங்கள், வெறும் தோளால் பின்னாலிருந்து இழுத்து எடுக்காதீர்கள். திரும்ப விடும்போது கட்டைகள் ஒன்றோடொன்று இடிக்காமல் ஒரு விரல் இடைவெளியில் நிறுத்தினால் தசைக்கும் நல்லது, கேபிளுக்கும் நல்லது.

லீவர் வகையில் கேபிளும் இல்லை, கைடு கம்பியும் இல்லை. மூட்டில் பேரிங் மட்டும். அது பிடித்தாலும் உள்ளூர் லேத்தில் கழற்றி அதே அளவில் மாற்றிக்கொள்ளலாம். கேபிளுக்குக் கம்பெனி ஆளைக் கூப்பிட்டுக் காத்திருப்பதை இதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும்.

மெஷின் நிஜமாகவே ஜெயிக்கும் இடங்கள் உண்டு. விடிய விடிய வலை இழுத்துவிட்டு வருகிறவரின் கை ஏற்கெனவே களைத்திருக்கும், நைலான் நூல் அறுத்த வெட்டு உள்ளங்கையில் இருக்கும். அந்தக் கையில் சொரசொரப்பான ராடைப் பிடிக்கச் சொல்வது அநியாயம். ரப்பர் பிடி போட்ட மெஷினில் 12 ரெப்பாக மூன்று செட் போட்டுவிட்டுப் போகலாம். ராடில் எடை ஏற்றிப் பழகுவதை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்துக்கு வைத்துக்கொண்டால் வாரம் இரண்டு நாள் தவறாமல் வர முடியும். நோன்பு மாதத்தில் தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து வருகிறவருக்கும் இதே யோசனைதான்: நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காத உடம்பில் அதிகபட்ச எடையை ராடில் சோதிக்க வேண்டாம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் எதில் செய்தாலும் மூச்சை அடக்காமல், தள்ளும்போது ஊதிவிட வேண்டும். பாரமான ராடில் மூச்சு தானாகவே அடைத்துக்கொள்ளும், மெஷினில் அதைக் கட்டுப்படுத்துவது சுலபம்.

புதிதாகச் சேர்கிறவர் முதல் ஆறு வாரம் மெஷினும் வெறும் ராடும் சேர்த்தே செய்யலாம். மெஷினில் தசைக்கு வேலை, ராடில் பாதை பழக்கம். தரையில் ஒழுங்காக 15 தண்டால் எடுக்க வராதவருக்கு 40 கிலோ ராடைக் கொடுக்கிற மாஸ்டரிடம் பணம் கட்டுவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். சந்தா கட்டும் நாளில் ராடைக் கையால் சுழற்றிப் பாருங்கள், கேபிள் முனையைப் பாருங்கள், 1.25 கிலோ பிளேட் இருக்கிறதா என்று கேளுங்கள். மெஷினைத் துடைக்கிற துணி எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். தேட ஆரம்பித்தார்கள் என்றால் மூன்று மாதச் சந்தாவுக்குப் பதில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.